தம்பியின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்

எங்கள் வீட்டில் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டர், நான்கு பேருக்கு நான்கு கணக்குகள். அட்மின் உரிமை, அதாவது மற்றவர் கணக்குகளையும் மாற்றும் உரிமை, என் கணக்குக்கு மட்டும்தான். அதனால் யாருக்குப் பாஸ்வேர்ட் மறந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மாற்றிக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் முதல் தடவை அவசரப்பட்டு நான் செய்த காரியத்துக்குத் தம்பி ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை.

யாராவது "மறந்துபோச்சு" என்று வந்தால் முதலில் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா? தமிழ் கீபோர்ட் சேர்த்திருந்தால், லாக்கின் திரையின் வலது கீழ் மூலையில் மொழி ஆங்கிலத்தில்தான் இருக்கிறதா? அம்மா இரண்டு முறை இப்படித்தான் வந்தார். பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது, மொழிதான் மாறிக் கிடந்தது.

அப்புறம், பழையது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். நினைவிருந்து, மாற்ற மட்டும் வேண்டுமென்றால் அது உங்கள் வேலையே இல்லை. அவர்களே உள்ளே போய் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'சேஞ்ச் எ பாஸ்வேர்ட்' வழியாக மாற்றிக்கொள்ளலாம். பழையதைக் கொடுத்து மாற்றினால் எதுவும் தொலையாது.

தொலைவது அட்மின் மாற்றும்போதுதான். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகளை விண்டோஸ் அந்தப் பயனரின் பாஸ்வேர்டை வைத்துத்தான் பூட்டி வைக்கிறது. பழையதைத் தராமல் நாம் புதியதைத் திணித்தால், உள்ளே இருக்கும் பெட்டிக்குப் பழைய சாவிதான் வேண்டியிருக்கும். விண்டோஸ் ப்ரோவில் ஃபைல்களை என்கிரிப்ட் செய்து, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி, வைத்திருந்தால் அவையும் திறக்காது. தம்பிக்குப் போனது பிரவுசரில் இருந்த அத்தனை லாக்கின்களும். இதில் கொடுமை என்னவென்றால், மாற்றும் திரையிலேயே இந்த எச்சரிக்கை எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ஆகவே கைவைக்கும் முன் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின் நம்பர் வைத்திருக்கிறாரா? பாஸ்வேர்ட் மறந்தாலும் பின் நம்பர் போட்டு உள்ளே போக முடியும். போனதும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அந்த ஃபைலில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பிரவுசரில் சிங்க் போட்டிருந்தால், அதாவது பாஸ்வேர்டுகள் ஆன்லைன் கணக்கிலும் சேமிக்கப்பட்டால், இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

சரி, வேறு வழியில்லை என்றால்: உங்கள் அட்மின் கணக்கில் நுழைந்து கண்ட்ரோல் பேனலைத் திறங்கள். 'யூசர் அக்கவுண்ட்ஸ்', அதற்குள் மறுபடியும் 'யூசர் அக்கவுண்ட்ஸ்', பிறகு 'மேனேஜ் அனதர் அக்கவுண்ட்'. அவருடைய பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'லோக்கல் அக்கவுண்ட்' என்றிருந்தால் பெயரை அழுத்தி 'சேஞ்ச் த பாஸ்வேர்ட்' கொடுத்து, புதியதை இரண்டு முறை தட்டினால் போதும். ஹின்ட் (நினைவூட்டும் குறிப்பு) கட்டத்தில் பாஸ்வேர்டையே எழுதிவிடாதீர்கள், அது லாக்கின் திரையில் எல்லோருக்கும் தெரியும். பெயருக்குக் கீழே மின்னஞ்சல் முகவரி இருந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதன் பாஸ்வேர்டை இங்கிருந்து மாற்ற முடியாது. அவரே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், தன் போனுக்கோ வேறு மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொடுத்து மாற்ற வேண்டும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்', பெயருக்குப் பக்கத்திலுள்ள 'ஐ' குறி, 'ரீசெட் பாஸ்வேர்ட்'. அங்கேயும் இதே கதைதான். சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் பழைய கீசெயின் பழைய பாஸ்வேர்டோடு பூட்டியே கிடக்கும். லினக்ஸ் வகையான உபுண்டுவில் செட்டிங்ஸில் 'யூசர்ஸ்' போய், 'அன்லாக்' கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுத்தால் மாற்றலாம். அடுத்த லாக்கினில் பயனரே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வும் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அவர் உள்ளே நுழையும்வரை அந்தக் கணக்கு திறந்த வீடு மாதிரி, அதனால் உடனே நுழையச் சொல்லிவிடுங்கள்.

விண்டோஸில் நீங்கள் வைத்துக் கொடுத்தது உங்களுக்கும் தெரியும் அல்லவா? எனவே அதைத் தற்காலிகமாக மட்டும் வையுங்கள். அவர் உள்ளே போனதும் முன்பு சொன்ன அதே மூன்று பொத்தான் வழியில் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளட்டும். பழைய பாஸ்வேர்ட் இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வந்தாலும் சொல்லச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைத் திரும்ப அதற்கே மாற்றினால், பூட்டிக் கிடந்தவை திறக்க வாய்ப்புண்டு. தம்பிக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. இப்போதெல்லாம் புது பாஸ்வேர்ட் தட்டும்போது என்னை அறையை விட்டே வெளியே போகச் சொல்கிறான். போய் நிற்கிறேன்.