டம்ளரில் தொடங்கி வெண்டைக்காய் வரை: வகுப்பறைத் தோட்டம் போடுவது எப்படி?

ஜூனில் பள்ளி திறந்ததும் நேராக மண்வெட்டியைத் தேடாதீர்கள். முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். விதை போட்ட மறுநாளே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "முளைச்சிருச்சா டீச்சர்?" என்று எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். கோபித்துப் பயனில்லை. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு ஆசை, அவ்வளவுதான். இப்போது தோட்டத்தை டம்ளரில் தொடங்குகிறேன்.

படி 1: கண்ணுக்குத் தெரியும் விதை

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டம்ளர், செய்தித்தாள், பஞ்சு, கொஞ்சம் தட்டைப்பயறு, கொஞ்சம் மக்காச்சோளம் போதும். பயறு மளிகைக்கடையிலேயே கிடைக்கும். விதைக்கடையில் சாயம் பூசி விற்கும் விதைகளில் மருந்து கலந்திருக்கும். அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

விதைகளை ஓர் இரவு ஊறவையுங்கள். செய்தித்தாளைச் சுருட்டி டம்ளரின் உள்சுவரை ஒட்டி வைத்து, நடுவில் ஈரப்பஞ்சை அடையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே விதையைச் செருகுங்கள். தாள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் பயறு வேர் விடும். தட்டைப்பயறு தன் இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். மக்காச்சோளம் விதையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஒற்றை இலையை நீட்டும். இருவித்திலை, ஒருவித்திலை என்ற சொற்களை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வேர் விரல் நீளம் வந்ததும் ஒரு டம்ளரைப் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் வேர் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். "அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று யாராவது ஒருவராவது கேட்பார்கள்.

படி 2: பீரோவுக்குள் ஒரு டம்ளர்

இந்தப் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு டம்ளரை ஒரு வாரம் பீரோவில் பூட்டி வையுங்கள், ஈரம் மட்டும் காயாமல். வெளியே எடுத்தால் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெட்டையாக வளர்ந்து நிற்கும். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்தவுடன் "முளைப்பாரி!" என்று கத்திவிடுவார்கள். உண்மைதானே? முளைப்பாரியும் வெயில் படாத அறையில்தான் வளர்கிறது. அதே டம்ளரை ஜன்னலோரம் வைத்தால் ஓரிரு நாளில் பச்சை ஏறும். பச்சையத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதத் தேவையே இருக்காது.

படி 3: இனி மண்

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு. பழைய அரிசிச் சாக்கு கிடைத்தாலும் சரி, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

முதலில் சிறுகீரை. விதை பொடிசு என்பதால் ஒரு கை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் போர்த்துங்கள். சுற்றிலும் சாம்பல் போட்டால் எறும்பு இழுத்துப் போவது குறையும். சுமார் 25 நாளில் பறிக்கலாம், பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் எல்லை. பக்கத்திலேயே வெண்டையும் ஊன்றுங்கள்: குழிக்கு இரண்டு விதை, ஒன்றரை அடி இடைவெளி. ஜூலைத் தொடக்கத்தில் ஊன்றினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் காய் வந்துவிடும்.

திங்கள்தோறும் செடியின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, சார்ட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்துப் பட்டை வரைபடம் தானாக உருவாகிவிடும்.

படி 4: தண்ணீர்

செடி வாடிச் செத்ததைவிட அன்பு மிகுந்து செத்ததுதான் எங்கள் பள்ளியில் அதிகம். முப்பது பேரும் ஆளுக்கொரு குவளை ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? எங்கள் விதி இது: ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார், ஈரம் ஒட்டினால் ஊற்றாதே. குவளை வேண்டாம், மூடியில் ஓட்டை போட்ட பாட்டில் போதும். சனி, ஞாயிறுக்குக் காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடுங்கள்.

படி 5: ஒரு காயை விட்டுவையுங்கள்

நல்ல வெண்டைச் செடி ஒன்றில் ஒரு காயில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அதை யாரும் பறிக்கக் கூடாது. செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் மூடி வைத்தால் அடுத்த ஜூனுக்கு ஆகும். ஆனால் கலப்பின விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் வராது. அதனால் முதல் முறையே மருந்து சேர்க்காத நாட்டு வெண்டை விதையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.