இரண்டடி தூரத்துக்கு ஸ்பீக்கர் வாங்குவது எப்படி?

கம்ப்யூட்டர் மேசையில் வைக்கும் ஸ்பீக்கருக்கு விலை பார்க்க உட்காரும் முன் இன்ச் டேப்பை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: மானிட்டருக்கு இருபக்கமும் மேசையில் மிஞ்சும் அகலம், மேசை விளிம்பிலிருந்து பின்சுவர் வரையுள்ள ஆழம், நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்தால் மேசைப் பரப்பிலிருந்து உங்கள் காது இருக்கும் உயரம். 120 செ.மீ. மேசையின் நடுவில் 24 இன்ச் மானிட்டர் இருந்தால் பக்கத்துக்கு 33 செ.மீ. மிஞ்சும். 4 இன்ச் வூஃபர் (பேஸ் எனும் கனத்த ஒலியைத் தரும் கூம்பு) கொண்ட பெட்டி சுமார் 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம். அகலத்தில் தாராளமாக உட்காரும், ஆழத்தில்தான் இடிக்கும். 60 செ.மீ. ஆழ மேசையில் சுவருக்குப் பத்து, பெட்டிக்கு இருபது போனால் கீபோர்டுக்கு முப்பதுதான் மிச்சம். மேசை அதற்கும் சிறியது என்றால் 3 இன்ச்சோடு நின்றுவிடுவதே நல்லது.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை நாம் கேட்பது இரண்டு, இரண்டரை அடி தூரத்திலிருந்து. இவ்வளவு பக்கத்தில் சத்தத்துக்குப் பஞ்சமே வராது. அதே காரணத்தால், ஹாலில் வைத்தால் காதில் விழாத சின்ன இரைச்சலும் இங்கே விழும். குறைந்த பட்ஜெட்டில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

வாட் கணக்கு

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் "பிஎம்பிஓ" என்று (கணநேர உச்சத் திறனாம்) ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. பொடி எழுத்தில் "ஆர்எம்எஸ்" என்று இருப்பதுதான் ஆம்ப்ளிஃபயர் விடாமல் தரக்கூடிய திறன். அதுவும் ஒரு பக்கத்துக்கா, இரண்டும் சேர்த்தா என்று பார்க்க வேண்டும்.

நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து 60 வாட் தருகிறது என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? யுஎஸ்பியில் மட்டும் ஓடுபவற்றுக்கும் இதே கணக்குதான். யுஎஸ்பி 2.0 வரையறைப்படி 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3.0 என்றால் 4.5 வாட்.

உண்மையில் எவ்வளவு தேவை? சிறிய ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 85 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். 85 டெசிபலில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிறது. அதாவது ஒரே வாட்டிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. ஆகவே பக்கத்துக்கு 15 முதல் 20 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் மேசைக்குப் போதும், அதிலும் மிச்சம் இருக்கும். அதற்கு மேல் வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

பணம் போக வேண்டிய இடம்

முதலில் வூஃபரின் அளவு. ஒலியின் சுருதியை ஹெர்ட்ஸில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஒலி கனமாகும். 2 இன்ச் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வராது. 3.5 இன்ச் என்றால் 80 வரை, 4 இன்ச் என்றால் 60-70 வரை, 5 இன்ச் என்றால் 50 வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை 4 இன்ச் பெட்டி முழுதாகத் தராது, ஆனால் அந்த ஸ்வரத்தின் மேல் அதிர்வுகளை வைத்துக் காது ஓரளவு இட்டு நிரப்பிக்கொள்ளும். பெட்டியில் "40 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் "±3 டெசிபல்" என்பதுபோல், சத்தம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்ற ஒரு வரம்பும் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இரண்டாவது, தனி ட்வீட்டர், அதாவது மேல்ஸ்தாயி ஒலிக்கென்றே உள்ள குட்டி ஸ்பீக்கர். ஒரே கூம்பு எல்லாவற்றையும் பாடும் ஸ்பீக்கரில் பேச்சு கேட்கும், ஆனால் ஜால்ராவும் ஹை-ஹாட்டும் மங்கலாகிவிடும்.

2.1 செட், அதாவது இரண்டு குட்டி ஸ்பீக்கரும் கீழே பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபரும், இதே விலையில் நிறையக் கிடைக்கிறது. கடையில் போட்டுக்காட்டும்போது அதிரும், வாங்கத் தோன்றும். குறைந்த விலை செட்களில் அந்தக் குட்டிகள் 200 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒழுங்காகப் பாடும். அதனால் சப்வூஃபர் அவ்வளவு உயரம் வரை ஏறி வந்து இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆண் குரலின் கனம் இருப்பதே அந்தப் பகுதியில்தான். பாடகரின் பாதி மேசை மேலும் மீதி மேசைக்கு அடியிலும் இருப்பதுபோல் கேட்கும். ஷூட்டிங் கேம்கள், சண்டைப் படங்கள் மட்டும்தான் என்றால் 2.1 வாங்குங்கள். பாட்டும் பேச்சும்தான் முக்கியம் என்றால் அதே பணத்துக்கு ட்வீட்டர் உள்ள 2.0, அதாவது சப்வூஃபர் இல்லாத ஒரு ஜோடி, சிறந்தது.

சில உதாரணங்கள். சுமார் இரண்டாயிரம் ரூபாய்தான் பட்ஜெட் என்றால் க்ரியேட்டிவ் பெபிள். 2 இன்ச் ஸ்பீக்கர், யுஎஸ்பியில் மின்சாரம், 3.5 மி.மீ. பின்னில் ஒலி. ஸ்பீக்கர் முகம் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் காதுக்கு நேராக வரும். பேஸ் எதிர்பார்க்காதீர்கள். பத்தாயிரத்தை ஒட்டிப் போக முடிந்தால் எடிஃபயர் ஆர்1280டி (R1280T): 4 இன்ச் வூஃபர், 13 மி.மீ. சில்க் ட்வீட்டர், பக்கத்துக்கு 21 வாட் ஆர்எம்எஸ், இரண்டு ஆர்சிஏ இன்புட் (சிவப்பு, வெள்ளைத் துளை ஜோடி). வால்யூம், பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கம் சுவரோ அலமாரியோ ஒட்டியிருந்தால் விரல் போகாது. ப்ளூடூத்தும், ஒலியை வெளிச்சமாக வாங்கும் ஆப்டிகல் இன்புட்டும் வேண்டும் என்றால் ஆர்1280டிபி (R1280DB). வீட்டில் பாட்டு ரெக்கார்டு செய்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் ப்ரிசோனஸ் எரிஸ் 3.5 பக்கம் போகலாம். ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வரும், இரைச்சலை ஒதுக்கும் பேலன்ஸ்டு கேபிளை நேராகச் செருக அதில் இடம் உண்டு.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "100–240 வோல்ட்" என்று இருக்க வேண்டும், அல்லது 115/230 மாற்றும் சுவிட்ச் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் மட்டும் உள்ள பெட்டியை நம் 230-இல் செருகினால் அன்றே முடிந்தது.

இணைப்பு

டெஸ்க்டாப்பில் முன்பக்க ஹெட்ஃபோன் துளையை விட்டுவிட்டு, பின்னாலுள்ள பச்சைத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்குப் போகும் வயர் கேபினட்டுக்குள் மின்விசிறி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போவதால் இரைச்சலை வாரிக்கொண்டு வரும். விண்டோஸ் வால்யூமை 80-90-இல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கர் குமிழில் செய்யுங்கள். விண்டோஸில் 20, ஸ்பீக்கரில் முழுசு என்று வைத்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். ப்ளூடூத் பாட்டுக்குச் சரி. கேமுக்கும் எடிட்டிங்குக்கும் அதன் தாமதம் எரிச்சலூட்டும், வயரே போடுங்கள்.

பெரும்பாலான பவர்டு (ஆம்ப் உள்ளேயே வரும்) ஜோடிகளில் ஆம்ப் ஒரு பெட்டியில்தான் இருக்கும், மற்றதற்கு வயர் போகும். அந்த வயர் என்ன நீளம், இரண்டு முனையும் சாதாரண ஸ்பீக்கர் வயர்தானா என்று வாங்குமுன் பாருங்கள். ஆர்1280டி-யில் சாதாரண வயரைச் செருகும் கிளிப் இருப்பதால் நீளம் போதாவிட்டால் தெருமுனைக் கடையிலேயே வேறு வயர் வாங்கிக்கொள்ளலாம். தனி வகை பின் வைத்த கேபிள் என்றால், எலி கடித்த அன்று தெரியும் அதன் அருமை.

வைக்கும் இடம்

இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு அவ்வளவு தூரம். 70-80 செ.மீ. வைத்து, முகத்தை உங்கள் பக்கம் சற்றே திருப்புங்கள். பேஸ் துளை பின்பக்கம் உள்ள பெட்டியென்றால் சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போகும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம்.

பலரும் கோட்டை விடுவது உயரத்தில். மேசை 75 செ.மீ. உயரம், உட்கார்ந்தவர் காது தரையிலிருந்து சுமார் 115. ஆக, காது மேசைக்கு மேலே 40 செ.மீ. 24 செ.மீ. உயரப் பெட்டியில் ட்வீட்டர் இருப்பது 20 செ.மீ. உயரத்தில். மீதி 20 செ.மீ. வித்தியாசத்தில் ட்வீட்டரின் மேல்ஸ்தாயி ஒலி உங்கள் நெஞ்சுக்குப் பாடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே துணி சுற்றிய ஒரு செங்கல் வைத்தாலே ஏழரை செ.மீ. ஏறிவிடும். அதன்மேல் பெட்டியின் முன்விளிம்புக்கு 3 செ.மீ. முட்டுக் கொடுத்தால் முகம் எட்டுப் பாகைக்கு மேல் நோக்கும். அடியில் வழுக்காத ரப்பர் மேட் துண்டு ஒன்று போட மறக்காதீர்கள். இப்படி உயர்த்திச் சாய்ப்பதால் மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலியும் குறையும், பேச்சு உடனே தெளிவதைக் கேட்கலாம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிச் சந்தடியில் எந்த ஸ்பீக்கரும் அமைதியாகத்தான் இருக்கும். வீட்டில் இரவு, மின்விசிறியை அணைத்துவிட்டு, பாட்டு எதுவும் ஓடாமல் ஸ்பீக்கரை மட்டும் ஆன் செய்து நாற்காலியில் உட்காருங்கள்.

மெல்லிய "ஸ்ஸ்" மட்டும் வந்து, அது வால்யூமைக் குறைத்தாலும் மாறாவிட்டால், ஆம்பின் பிறவிக் குணம். காதை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனால் மட்டும் கேட்டால் விட்டுவிடலாம். உட்கார்ந்த இடத்திலேயே கேட்டால் திருப்பி அனுப்புங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை.

"உம்ம்ம்" என்று தடித்த ஓசை வந்தால் அது மின்கம்பியின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் பக்கத்தில் ஆடியோ கேபிளை மட்டும் பிடுங்குங்கள். ஓசை தொடர்ந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ கரண்டிலோ. நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் வழியாக வருகிறது. லேப்டாப் என்றால் கேபிளைத் திரும்பச் செருகி, சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது ஓசை இல்லையென்றால் எர்த் வழியாக ஒரு சுற்று (கிரவுண்ட் லூப்) உருவாகியிருக்கிறது. கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் பல பிளக் செருகும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் (ஸ்பைக் கார்டு) செருகுவது முதல் வைத்தியம். போகாவிட்டால் ஆடியோ கேபிளுக்கு நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கலாம். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான், மலிவானவை பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும். ஸ்பீக்கரிலும் கம்ப்யூட்டரிலும் ஆப்டிகல் இருந்தால் அதுவே சுத்தமான தீர்வு, வெளிச்சத்தின் வழியே எர்த் கடக்காது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். ஓசை போய்விடும், ஆனால் கசிவு வந்தால் கேபினட்டைத் தொட்டவருக்கு ஷாக்.

மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை உருட்டும்போது "கிறீச்" என்று கூடவே வந்தால் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி மின்சாரத்தில் உள்ள அழுக்கு. பெபிள் போல மின்சாரம் யுஎஸ்பியிலும் ஒலி தனிக் கேபிளிலும் வரும் வகைகளுக்கு மருந்து சுலபம்: யுஎஸ்பியைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் பழைய போன் சார்ஜரில் செருகுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் "ர்ர்ர்" என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், ஸ்பீக்கரில் பழுதில்லை. ஃபேன் ரெகுலேட்டரை ஒரு புள்ளியில் வைத்தால் மட்டும் வரும் ரீங்காரமும் அப்படித்தான். அலையை வெட்டி வேகம் குறைக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலை அது. கபாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

திருப்பி அனுப்பும் கெடுவுக்குள்

யாராவது பேசும் மோனோ (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்) வீடியோ ஒன்றைப் போடுங்கள். குரல் மானிட்டர் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து என்றே தெரியாமல் பரவி, பேஸும் இளைத்திருந்தால் இணைப்பு வயரில் சிவப்பும் கறுப்பும் ஒரு முனையில் மாறியிருக்கிறது. மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும். அடுத்து வால்யூம் குமிழை மிகக் குறைத்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கூடுதலாகக் கேட்டால் குமிழுக்குள் உள்ள இரட்டை ரெசிஸ்டர் ஒத்துப்போகவில்லை. விலை குறைந்தவற்றில் இது சகஜம். குமிழைக் கால்வாசிக்கு மேல் வைத்து விண்டோஸில் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பாதி வால்யூமிலும் சரிந்தே இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மெல்லிய சத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டும் பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானாகத் தூங்கும் சில மாடல்கள், மெதுவாக ஓடும் பாட்டைப் பாட்டாகவே மதிக்காமல் அணைந்துவிடும்.

பழையது வாங்குவதாக இருந்தால் நான்கு விரல்களை வூஃபர் கூம்பின் விளிம்பைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். உள்ளே மணல் உரசுவதுபோல் "சரக்" என்றால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) வளைந்தோ கருகியோ போயிருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்றும் தொட்டுப் பாருங்கள். ஃபோம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் நகம் பட்டாலே பொடியாக உதிரும். அது விரலில் ஒட்டினால் விலை பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.