போருக்கு நடுவே ஒரு பூனை: முதல் சிறுகதை எழுதுபவர்களுக்கு

சண்டை நடக்கும் ஊரிலிருந்து தன் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு கிளம்பும் குழந்தை. இந்தக் கருவைக் கையில் எடுக்கிற பலரும் முதல் பத்தியிலேயே குண்டு போட்டுவிடுகிறார்கள். நான் வேறு வரிசையில் எழுதுகிறேன், எனக்கு அதுதான் கைகொடுத்தது.

1. முதலில் விலங்கு. பொதுவாக 'செல்லப்பிராணி' என்று வைத்தால் கதை நகராது. வளர்ந்த பூனை என்றால் 4 கிலோ வரும், பயந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும், கூப்பிட்டால் வராது. நாய் கூடவே நடந்து வரும், ஆனால் ஒளிந்திருக்கும் இடத்தில் ஒரு தடவை குரைத்தால் தொலைந்தது.

2. அடுத்து, தடை. வில்லனைத் தேடாதீர்கள், விதிகளைத் தேடுங்கள். 1939 செப்டம்பரில் பிரிட்டன் போர் அறிவித்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய் பூனைகள் கொல்லப்பட்டன. ஊர்மேல் குண்டு விழுவதற்கு முன்பே, வளர்த்தவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை பூனையை ஒளித்துவைத்தால் அதுவே கதை, எதிரில் நிற்பது அம்மாதான். 2022இல் நிலைமை வேறு: உக்ரைனிலிருந்து வந்தவர்களின் விலங்குகளுக்குப் போலந்து உட்பட பல நாடுகள் சான்றிதழ் விதிகளைத் தளர்த்தின. தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் எல்லையில் தவிக்கும் காட்சியை அந்த வருடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

3. தூக்கும் காட்சி. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், அவசரப்படவே வேண்டாம். ஒரு மாதிரி:

"தலையணையை உருவி எறிந்துவிட்டு உறையை விரித்தாள். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிப் பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள். சீறல். மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல். 'கத்தாதே, அப்பாவுக்குக் கேட்டுடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்."

தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்று பூனைக்குத் தெரியாது, அதற்கு இது பிடித்து அமுக்குகிற கைதான். அதனால் நன்றி ததும்பும் கண்களை வெட்டிவிடுங்கள். காது பின்னால் மடங்கும், கண்பாவை விரியும், அவ்வளவுதான். நாய் என்றால் நடுங்கும், உதட்டை நக்கும், கொட்டாவிகூட விடும். அந்தக் கொட்டாவியைப் பார்த்துத் தூக்கம் வருகிறது என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

4. கதையில் வரும் குழந்தைக்கு எட்டு வயது என்றால் அரசியல் வேண்டாம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவது, பாட்டி நகையைத் துணியில் முடிவது, இவை போதும்.

எழுத என்ன வேண்டும்? நோட்டு, பென்சில். கைபேசியில் முதல் வரைவு எழுதுவது எனக்குப் பிடிக்காது, திருத்திக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் உரையாடலை மட்டும் கைபேசியில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள், குழந்தை வாயில் பெரியவர் வசனம் இருந்தால் உடனே காதில் இடறும்.

பின்சேர்க்கை: விலங்கு பிழைத்தே ஆகவேண்டுமா என்று கேட்கிறார்கள். கட்டாயமில்லை. ஆனால் கண்ணீர் வாங்குவதற்காகக் கொல்லாதீர்கள், வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம், செய்திப் படத்தில் பார்த்த நிஜக் குழந்தையை வைத்து எழுதலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பெயர், ஊர், வயது, விலங்கு நான்கையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு கதை நிற்கவில்லை என்றால் அதை எழுத வேண்டாம்.