கோழி நடன நாள்: வட்டத்தைக் கலைத்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் மே 14 ஆம் தேதியைக் கோழியைப் போல ஆடும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இதற்கு அரசு விடுமுறையும் கிடையாது, பூசை முறையும் கிடையாது. விரல்களை அலகாகவும் முழங்கைகளை இறக்கையாகவும் பாவித்து, இடுப்பை வால்போல ஆட்டி, ஒரு பாட்டு முடியும்வரை எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகிறார்கள். நமக்கு அந்தத் தேதி கோடை விடுமுறையின் நடுவே வருகிறது. வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம், கடலூர் தேவனாம்பட்டினம் ஆகிய ஊர்களில் விசைப்படகுக்குப் போகும் ஆண்களும் கரையில் இருப்பார்கள். ஒரு தெருவே கூடி ஆடுவதற்கு இதைவிடத் தோதான காலம் அமையாது. ஆகவே புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த நாளைத் தாராளமாகக் கொண்டாட வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால், எளிய கொண்டாட்டம் என்பதாலேயே சில தவறுகள் அதில் சுலபமாக நுழைந்துவிடுகின்றன.

முதலில் ஆட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கையைக் காலை உதறுவதுதான் கோழி நடனம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்து அலகுபோல நான்கு முறை திறந்து மூட வேண்டும். கைகளை அக்குளுக்கு அருகே மடக்கி முழங்கைகளை நான்கு முறை அடிக்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இடுப்பை நான்கு முறை ஆட்ட வேண்டும். பிறகு நான்கு கைதட்டல். இந்தச் சுற்று நான்கு முறை வந்ததும் மெட்டு மாறும். அப்போது கைகோத்து வட்டமாகச் சுற்ற வேண்டும். நடுவில் திசையை மாற்றிக்கொள்ளலாம். மறுபடியும் அலகு. இவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் சில நிமிடங்களில் கற்றுக்கொள்வார்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்காமல் நேரே பாட்டைப் போட்டுவிடுவதுதான் தொடக்கத்திலேயே நேரும் பிழை. முதல் முறை பாட்டே இல்லாமல், வாயால் எண்ணிக்கொண்டு மெதுவாகச் செய்து காட்டுங்கள். பல பதிவுகளில் பாட்டு போகப் போக வேகம் கூடும். ஆட்டத்தின் சிரிப்பே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஆனால் மெதுவான முதல் சுற்றில் கை பழகியிருந்தால்தான் வேகம் ரசிக்கும். இல்லாவிட்டால் மூன்றாம் சுற்றுக்குள் பெரியவர்கள் ஓரமாகப் போய் நின்றுவிடுவார்கள். ஒருமுறை ஓரம் போனவரை மறுபடியும் உள்ளே அழைத்துவருவது கடினம்.

மேடை போடாதீர்கள்

நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய தவறு கிடையாது. நம் ஊர்களில் நிகழ்ச்சி என்றதும் கை தானாகவே மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, பரிசு ஆகியவற்றைத் தேடிப் போகிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரே நிற உடை கொடுத்து, ஒரு வாரம் பயிற்சி தந்து, பெற்றோரை எதிரே நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறோம். அந்த நிமிடமே கோழி நடனம் செத்துப்போகிறது. பத்துப் பேர் ஆட நூறு பேர் பார்த்தால், ஆடுகிற பத்துப் பேர் மட்டும் கோமாளிகளாகத் தெரிவார்கள். நூற்றுப்பத்துப் பேரும் ஆடினால் யாரும் கோமாளி இல்லை. இந்த ஆட்டத்துக்கு இருக்கும் ஒரே இலக்கணம் அதுதான். பார்வையாளர் வரிசை இருக்கக் கூடாது.

நம்மிடம் மயிலாட்டம் இருக்கிறது, பொய்க்கால் குதிரை இருக்கிறது, புலியாட்டம் இருக்கிறது. அவற்றில் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் மேளத்துக்கு அடவு போடும் தேர்ச்சியும் அடங்கியிருக்கின்றன. அந்தக் கலைஞரைச் சுற்றி நின்று பார்ப்பது அவருக்கு நாம் தரும் மரியாதை. கோழி நடனத்தை அந்த வரிசையில் வைத்து மேடையேற்றினால் இரண்டுக்கும் நியாயம் செய்யாதவர்கள் ஆகிறோம். அதைவிட மோசம், இந்த நாளுக்காக ஒரு மயிலாட்டக் கலைஞரை வரவழைத்துக் கேளிக்கைப் பொருளாக நடுவில் நிறுத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கலையை அதற்குரிய இடத்தில், அதற்குரிய ஊதியத்தோடு பார்ப்போம்.

போட்டியும் அப்படித்தான். முதல் பரிசு என்று அறிவித்த உடனே, ‘நன்றாக’ ஆடுவது எப்படி என்ற கவலை பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. அம்மாக்கள் ஓரத்திலிருந்து திருத்தத் தொடங்குகிறார்கள். பரிசு கிடைக்காத குழந்தை அழுதுகொண்டு வீடு போகிறது. கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுங்கள். நடுவராக நிற்கப்போகிற பெரியவரையும் வட்டத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

கைபேசிக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவர் படம் பிடிக்கத் தொடங்கினாலே அங்கே ஒரு மேடை உருவாகிவிடுகிறது. இடுப்பை ஆட்டுகிற கட்டத்தில் எந்தப் பெண்ணும் எந்த வயதானவரும் தன் படம் ஊர் முழுக்கச் சுற்றுவதை விரும்ப மாட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் காணொளியை அதன் பெற்றோரைக் கேட்காமல் பதிவேற்றுவதும் முறையல்ல. முதல் ஆட்டம் முழுவதும் கைபேசிகளை ஒரு கூடையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். நினைவுக்குப் படம் வேண்டும் என்றால், ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் அலகு பிடித்து நிற்க ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

இழுக்காதீர்கள், இடம் விடுங்கள்

வட்டத்துக்கு வெளியே யாரும் இருக்கக் கூடாது என்பதற்காகக் கையைப் பிடித்து இழுப்பது எதிர்த் தவறு. கூச்சப்படும் பையனைப் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கத்தினால் அவன் அடுத்த ஆண்டு வீட்டைவிட்டே வர மாட்டான். பக்கத்தில் ஓர் இடம் விட்டு ஆடிக்கொண்டே இருங்கள். பாட்டு இரண்டாம் முறை ஓடும்போது பெரும்பாலானவர்கள் தாமாகவே வந்து நின்றுவிடுவார்கள். வராவிட்டாலும் குறையில்லை. கைதட்டும் கட்டத்தில் தட்டினாலே அவரும் ஆட்டத்தில் இருக்கிறார் என்றுதான் நான் கொள்வேன்.

கைகோத்துச் சுற்றும் பகுதி நம் குடும்பங்களில் தனிச் சங்கடம் தரக்கூடியது. மாமனார் நிற்கிற வட்டத்தில் மருமகள் யார் கையைப் பிடிப்பாள்? தெரியாத ஆணின் கையைப் பிடிக்கத் தயங்கும் பெண்ணை நாகரிகம் அறியாதவள் என்று நினைப்பது அறிவீனம். இதற்கு எளிய வழி இருக்கிறது. இரண்டு பேருக்கு நடுவே ஒரு துண்டையோ துப்பட்டாவையோ கொடுத்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். வட்டமும் பெரிதாகும், சுற்றும்போது யாரும் யார் காலையும் மிதிக்க மாட்டார்கள். பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம் என்று இரண்டு வட்டங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதும் பார்க்க அழகாகவே இருக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்களை ஓரமாக உட்காரவைத்துவிடுவதும் தவறுதான். நாற்காலியை ஓரத்தில் போடாமல் வட்டத்திலேயே போடுங்கள். அலகும் இறக்கையும் கைதட்டலும் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவை. வாலுக்குப் பதிலாகத் தோளைக் குலுக்கினால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இதே முறைதான். வழுக்கும் தரையில் லேசான பிளாஸ்டிக் நாற்காலி நகரும் என்பதால் அதை ஒரு பாயின் மேல் போடுவது பாதுகாப்பு. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேகமான சுற்றில் கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கினி நட்சத்திரத்தை மறந்துவிடுவது

மேலைநாட்டுப் பழக்கத்தை அப்படியே எடுத்து வைக்கும்போது வெயிலை மறந்துவிடுகிறோம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்கினி நட்சத்திரக் காலத்தின் நடுவில் இந்தத் தேதி விழுகிறது. பகல் விருந்து முடித்து இரண்டு மணிக்கு ஆடலாம் என்று திட்டமிடாதீர்கள். புதுச்சேரியில் அந்த நாட்களில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறரை மணி ஆகிறது. கடல் காற்று நன்றாக வீசத் தொடங்கிய பிறகு, ஐந்தரைக்கு மேல் தொடங்குவது நல்லது. காலையில் என்றால் ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மொட்டை மாடியில் ஆடுபவர்கள் தரையைக் கவனிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கும் தட்டோடு கொதித்துக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு வரும் பிள்ளைகளுக்குப் பாதம் பொரிந்துவிடும். நான்கு மணி வாக்கில் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆடுங்கள். ஈரத்தோடு ஆடினால் இடுப்பை ஆட்டும் கட்டத்திலேயே வழுக்கும். கைப்பிடிச் சுவர் இடுப்புயரத்துக்குக் குறைவாக இருக்கும் மாடியில் வட்டமாகச் சுற்றும் ஆட்டமே வேண்டாம்.

கடற்கரைச் சாலை இதற்கு அருமையான இடம். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வாகனங்களை விடுவதில்லை. காந்தி சிலை அருகே ஒரு குடும்பம் சின்னதாக ஒரு வட்டம் போட்டு ஆடினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் கருங்கற்கள் கொட்டியிருக்கும் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பெட்டி ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் சேர்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. அங்கே உலர்ந்த மணலில் கால் புதையும், முழங்காலை மடக்கும்போது கணுக்கால் திருகிக்கொள்ளும். கெட்டிப்பட்ட ஈரமணலில் ஆடுவது சுலபம். ஆனால் அலைக்கு முதுகு காட்டிக்கொண்டு யாரும் நிற்காதபடி தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளியே வட்டத்தைப் போடுங்கள்.

சத்தம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000 இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மற்ற நேரங்களிலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். உண்மையில் இந்த ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய சத்தமே தேவையில்லை. மெட்டு காதில் விழுந்தால் போதும், மீதியைக் கைதட்டல் பார்த்துக்கொள்ளும். அதிக ஒலியைத் தாங்காத குழந்தைகளும் அப்போதுதான் வட்டத்தில் நிற்பார்கள்.

உடையும் உயிரும்

முழுக் கோழி வேடம் போட ஒருவரை வாடகைக்கு அமர்த்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பஞ்சும் ரோமமும் வைத்துத் தைத்த அந்த உடைக்குள் மே மாதப் புதுச்சேரியில் ஒரு மனிதர் ஒரு மணி நேரம் நிற்பது அவருடைய உயிரோடு விளையாடுவது. சிவப்புக் காகிதத்தில் கொண்டை வெட்டித் தலையில் ஒட்டிக்கொண்டால் போதும், பிள்ளைகளுக்கு அதுவே பெருமகிழ்ச்சி. தெர்மகோல் அலங்காரம், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். செயற்கை இறகுகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். காற்று அவற்றைக் கடலில் சேர்த்துவிடும்.

சேலை கட்டியவர்கள் கொசுவத்தைக் குத்தூசியால் குத்தி, கணுக்கால் தெரியக் கட்டிக்கொள்வது நல்லது. வேட்டிக்காரர்களுக்கு ஓர் இடுப்பு வார்.

உயிருள்ள கோழிகளை நடுவில் விடுவது, சாயம் பூசிய குஞ்சுகளை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பது ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. பச்சை, இளஞ்சிவப்பு என்று நிறமேற்றி விற்கப்படும் அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை வெயிலிலும் குழந்தைகளின் கைப்பிடியிலும் சில நாளில் இறந்துவிடுகின்றன. தன் கைக்குள் ஒரு குஞ்சு அடங்கிப்போவதைப் பார்த்த குழந்தைக்கு அந்த நாள் வேறுவிதமாகத்தான் நினைவில் நிற்கும்.

வாத்தா, கோழியா?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகளில் யாராவது ஒருவர், இது வாத்து நடனம் என்பார். அவர் சொல்வதும் சரிதான். சுவிட்சர்லாந்தின் டாவோஸைச் சேர்ந்த அக்கார்டியன் என்னும் துருத்தி இசைக்கருவிக் கலைஞர் வெர்னர் தாமஸ் 1950களில் இந்த மெட்டை அமைத்தபோது அது வாத்து நடனமாகத்தான் இருந்தது. பிரான்சிலும் 1981 இல் வாத்துப் பாட்டாகவே புகழ்பெற்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் துல்சா நகரில் நடந்த ஜெர்மானிய விழாவில் ஆடிக் காட்ட வாத்து வேடம் கிடைக்கவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிடம் கோழி வேடம் இருந்தது. அன்று முதல் அமெரிக்காவில் அது கோழி ஆயிற்று. ஆகவே இதைப் பழங்காலச் சடங்கு என்று பிள்ளைகளிடம் கதை கட்டுவதும், எந்தப் பறவை என்று பெரியவர்கள் வாதாடுவதும் வீண் வேலை. வாத்தாக ஆட விரும்புகிறவர் வாத்தாக ஆடட்டும். அசைவுகள் ஒன்றுதான்.

கடைசியாக, நேரம். நன்றாக இருக்கிறதே என்று அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பிள்ளைகளைச் சலிக்கவைத்துவிடாதீர்கள். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, கேட்டால் இன்னொன்று, அவ்வளவு போதும். பிரியாணி சாப்பிட்ட வயிற்றோடு யாரையும் குதிக்கவிடாமல் சாப்பாட்டை ஆட்டத்துக்குப் பிறகு வையுங்கள். அதற்கும் முன்னால் மோரும் நுங்கும் வந்துவிட வேண்டும். ஆடி முடித்தவர்களுக்கு முதலில் தாகம்தான் எடுக்கும்.