ஆயில் குடித்த பழைய கார்: காரணம் பிசிவி வால்வு

1,000 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 1 லிட்டர் ஆயில் காணோம். கீழே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் இன்னும் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றியும் பலனில்லை. கம்ப்ரெஷன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் அழுத்தம் பார்ப்பது) நாலு சிலிண்டரும் சரி. (சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் பிஸ்டனின் ஆயில் ரிங் அடைத்திருந்தாலும் அந்த டெஸ்ட் சரியென்றே காட்டும், அதை நம்பி இரண்டு நாள் வீண்.)

துப்புக் கொடுத்தது ஆயில் மூடி. ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) திறக்கப் போனால் உள்ளிருந்து உறிஞ்சிப் பிடித்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குள் விரல் விட்டால் பிசுபிசுவென்று ஆயில். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை அளவோடு இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன், வர வேண்டிய 'கடகட' சத்தமே இல்லை: திறந்த நிலையிலேயே சிக்கி, ஆயில் ஆவியை இன்டேக்குக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

வால்வோடு வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸையும் மாற்றி, இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் துடைத்தேன். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தே டிப்ஸ்டிக் பார்க்கிறேன். இப்போது 1,000 கி.மீ.க்கு 200 மி.லி.