பழைய நாக்ரா, யு-மேட்டிக் எல்லாம் சரி பண்றேன்னு கெடுத்துடாதீங்க

நாக்ரா மாதிரி ஆடியோ ரெக்கார்டரோ, யு-மேட்டிக் மாதிரி வீடியோ கேசட் ரெக்கார்டரோ, பழைய டேப் மெஷின் ஒண்ணு கைக்கு வந்ததும் முக்கால்வாசி பேர் செய்றது ஒண்ணுதான், பேட்டரியப் போட்டு ப்ளேவ அழுத்துறது. முப்பது நாப்பது வருஷமா தூங்கிட்டிருந்த மெஷின் அது. நான் பாத்த வரைக்கும் இந்த மெஷின்லாம் வயசாகி சாகுறத விட, புது ஓனர் ஆர்வத்துல செய்ற வேலையில சாகுறதுதான் ஜாஸ்தி. அதனால எந்த வேலையில கை வைக்கறதுக்கு முன்னாடியும், இத செஞ்சுட்டா பழையபடி திரும்பி வர முடியுமான்னு மட்டும் ஒரு தடவை யோசிங்க. முடியாதுன்னா அந்த வேலை கடைசிக்குப் போகணும், முதல்ல வரக்கூடாது.

முதல்ல கரண்ட். நாக்ரா 4.2 மாதிரி மெஷினுக்கு 12 டி-சைஸ் செல், சோனி டிசி-டி5எம்-க்கு வெறும் 2 செல், அதாவது 3 வோல்ட். ஒவ்வொண்ணுக்கும் வோல்ட்டேஜும் வேற, பின் அமைப்பும் வேற. கையில கிடைச்ச அடாப்டர் ஜாக்ல பொருந்துதுன்னு சொருகிட்டா கதை அங்கயே முடிஞ்சுது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் காலத்து மெஷின் பலதுல பாசிட்டிவ்தான் சேசிஸ்ல (உலோகச் சட்டத்துல) இருக்கும், இது தெரியாம ஒரே சப்ளையில இருந்து வேற ஒரு நெகட்டிவ் கிரவுண்ட் (நெகட்டிவ் சட்டத்தோட சேந்த) சாமானுக்கும் லைன் எடுத்து ரெண்டையும் ஆடியோ கேபிள்ல சேத்தா நேரா ஷார்ட். சர்வீஸ் மேனுவல் பாத்து, கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையில போடுங்க. ஏன்னா பழைய டான்டலம் கெப்பாசிட்டர் கெட்டுப்போனா பெரும்பாலும் ஷார்ட்டாத்தான் போகும், லிமிட் இல்லன்னா அது எரியும், பக்கத்துல இருக்கறதையும் சேத்து எரிக்கும். அதுக்காக லிமிட்ட ரொம்ப கீழயும் வைக்காதீங்க, மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி ஜாஸ்தியாத்தான் இழுக்கும், அது கிடைக்கலன்னா மோட்டார் திணறும், நீங்க சர்வோ (மோட்டார் வேகத்த சீரா வெச்சுக்கற சர்க்யூட்) போச்சுன்னு நினைச்சு நல்லா இருக்கற போர்டக் கழட்ட ஆரம்பிப்பீங்க.

பேட்டரி பெட்டியில பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா எல்லாரும் உடனே சொல்றது பேக்கிங் சோடா. பழைய சிங்க்-கார்பன் செல் கசிஞ்சிருந்தா சரி, அந்தக் கசிவு அமிலப் பக்கம். ஆனா அல்கலைன் செல்லுல இருக்கறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதுவே காரம், அதுக்கு மேல சோடா போட்டு என்ன ஆகப்போகுது? தண்ணி கலந்த வினிகர பஞ்சுல தொட்டுத் துடைச்சு, அப்புறம் தண்ணியில துடைச்சு, கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இதோட நிறுத்திடாம, டெர்மினல்ல இருந்து உள்ள போற ஒயரையும் பாருங்க. கசிவு இன்சுலேஷனுக்குள்ளயே ஊர்ந்து போயி செம்பு கருப்பாகியிருக்கும், வெளிய பாத்தா ஒயர் புதுசு மாதிரி இருக்கும், மேல எவ்வளவு சால்டர் வெச்சாலும் ஒட்டாது. அந்த ஒயர மாத்திடுறதுதான் வழி.

அடுத்தது ரப்பர். பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் (டேப்ப கேப்ஸ்டன்ங்கற சுத்தற தண்டு மேல அழுத்திப் பிடிக்கற ரப்பர் உருளை) வயசானா ரெண்டு விதமா கெடும், ஒண்ணு காஞ்சு விறைச்சுப் போகும், இல்ல உருகித் தார் மாதிரி ஆயிடும். உருகினத அப்படியே வெச்சு மோட்டார ஓட விட்டா அந்தக் கருப்பு பசை புல்லி, கேப்ஸ்டன், டேப் பாதைன்னு எல்லா இடத்துக்கும் பரவிடும், அப்புறம் அதச் சுத்தம் பண்றதே ஒரு தனி வேலை. கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடியே மூடியத் திறந்து பாத்துடுங்க. கேஸுக்குள்ள ஒட்டியிருக்கற ஃபோமையும் விட்டுடாதீங்க, அது தூளா உதிர்ந்து மெக்கானிசத்துக்குள்ள விழும். புது பெல்ட் வாங்கும்போது நீளம் மட்டும் பாத்தா போதாது, தடிமனும் அகலமும் சரியா இருக்கணும். கொஞ்சம் இறுக்கமான பெல்ட் போட்டா ஓடத்தான் செய்யும், ஆனா மோட்டார் பேரிங் மேல லோடு ஏறி ஸ்பீடு ஆடும்.

டபிள்யூடி-40 பத்தி நான் சொல்லி யாரும் கேக்கப்போறதில்ல, இருந்தாலும் சொல்லிடறேன். இந்த மெஷின்கள்ல நிறைய பேரிங் துளையுள்ள வெண்கலத்துல செஞ்சது, அந்தத் துளைக்குள்ளயே எண்ணெய் ஊறியிருக்கும். அதுல ஸ்ப்ரேய அடிச்சா ஊறின எண்ணெயும் கரைஞ்சு வந்துடும், ரெண்டு நாள் ஜம்முன்னு ஓடிட்டு அப்புறம் கீச்சுன்னு கத்தும். லீவர் அசையலன்னா அது பழைய கிரீஸ் இறுகினதால, மேல எண்ணெய் விட்டா இளகற மாதிரி தெரியும், ஆனா ரெண்டும் கலந்து மறுபடி இறுகிக்கும். லீவரப் பிடிச்சு வெச்சிருக்கற E வடிவ ஈ-கிளிப்பக் கழட்டி, லீவர எடுத்து, தண்டையும் ஓட்டையையும் ஆல்கஹால்ல சுத்தமா துடைச்சு, புது கிரீஸ் ஒரு பொட்டு வெச்சு மாட்டுங்க. அந்த ஈ-கிளிப் தெறிச்சு ஓடாம இருக்க, மேல ஒரு பிளாஸ்டிக் பையப் போத்திக்கிட்டு கழட்டறது நல்லது, தரையில தேடினவங்களுக்கு அருமை தெரியும். எண்ணெய் விட வேண்டிய இடத்துல ஊசி முனையில ஒரே ஒரு சொட்டு போதும், மிச்சம் வழிஞ்சு பெல்ட்லதான் போய் நிக்கும்.

ஸ்க்ரூ பத்தியும் ஒரு வார்த்தை. ஜப்பான் மெஷின்ல இருக்கற பிளஸ் ஸ்க்ரூ ஜேஐஎஸ் (ஜப்பான் ஸ்டாண்டர்டு) ரகம், சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதுல சரியா உக்காராது, வழுக்கி தலைய மழுக்கிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒரு செட் வாங்கிடுங்க. முனையில காந்தம் இருக்கறதா இருந்தா ஹெட் பக்கமோ டேப் பக்கமோ கொண்டு போகாதீங்க.

இப்ப கெப்பாசிட்டர். எல்லாத்தையும் மொத்தமா மாத்திடு, அதுதான் சேஃப்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டே இருக்கு, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. நூறு பார்ட்ட ஒரே மூச்சுல மாத்தினா நூறு புது தப்புக்கு இடம் கொடுக்கறீங்க, கடைசியில மெஷின் ஓடலன்னா பழைய கோளாறா நீங்க உண்டாக்கினதான்னே தெரியாது. ஈஎஸ்ஆர் மீட்டர் (கெப்பாசிட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ அளக்கற கருவி) வெச்சு அளந்து, ஒரு போர்ட முடிச்சு, டெஸ்ட் பண்ணிட்டு அடுத்த போர்டுக்கு போங்க. ஈக்வலைசேஷன் (ஹை, லோ சவுண்ட சமப்படுத்தறது), பயாஸ் (ரெக்கார்ட் பண்ணும்போது ஹெட்டுக்குப் போற ஹை ஃப்ரீக்வன்சி சிக்னல்) பக்கம் இருக்கற சின்ன ஃபிலிம் கெப்பாசிட்டர கிட்டத்தட்ட ஒரே வேல்யூன்னு மாத்தினீங்கன்னா ரெஸ்பான்ஸே மாறிடும், அதெல்லாம் லேசுல கெடாது, விட்டுடுங்க. இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, எண்பதுகளோட கடைசியிலயும் தொண்ணூறுகள்லயும் வந்த வீடியோ மெஷின்கள்ல போர்டு மேலேயே ஒட்டின குட்டி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். அதுங்க கசிஞ்சு காப்பர் டிராக்க அரிச்சுடும், சால்டர் மங்கிப் போயிருக்கும், சூடு காட்டினா மீன் வாடை அடிக்கும். அத மட்டும் கோளாறு வரட்டும்னு காத்திருக்காம சீக்கிரமே மாத்திடுங்க. இழுத்துப் பிடுங்கினா பேடும் (பார்ட் ஒட்டியிருக்கற காப்பர் திட்டு) சேந்து வந்துடும், ரெண்டு பக்கமும் சூடு காட்டி எடுக்கணும்.

நாக்ரா III (1958-ல வந்தது) மாதிரி ஜெர்மானியம் மெஷின்ல டிரான்சிஸ்டர் போயிடுச்சுன்னா சிலிக்கான அப்படியே சொருகாதீங்க. ஜெர்மானியத்துல பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் சுமார் 0.2, 0.3 வோல்ட்தான், சிலிக்கானுக்கு 0.6 கிட்ட வேணும், சர்க்யூட்டுல டிரான்சிஸ்டருக்குப் போற பயாஸ் வோல்ட்டேஜையே (மேல சொன்ன டேப் பயாஸ் இல்ல) திருத்தாம அது வேலை செய்யாது.

ஹெட் விஷயத்துலதான் திருப்பி சரி பண்ணவே முடியாத தப்பு அதிகம். ஆடியோ ஹெட்ட பட்ஸ்ல துடைக்கறது சரி, ஆனா அதே பழக்கத்துல யு-மேட்டிக், பீட்டாகேம் மாதிரி வீடியோ மெஷினத் திறந்து சுத்தற டிரம்மையும் பட்ஸால துடைச்சா போச்சு. வீடியோ ஹெட்டுங்கறது டிரம் விளிம்புல ஒரு மயிரிழை வெளிய நீட்டிக்கிட்டிருக்கற ஃபெரைட் துண்டு, பஞ்சு நூல் அதுல மாட்டி இழுத்தா முனை உடைஞ்சுடும், அதுக்கு மாத்து கிடைக்கறது இப்ப குதிரைக் கொம்பு. மெல்லிய தோல் ஒட்டின கிளீனிங் குச்சியில ஆல்கஹால் தொட்டுக்கங்க, அத டிரம் மேல அசையாம லேசா வெச்சுப் பிடிங்க, இன்னொரு கையால டிரம்மோட மேல் பக்கத்தப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. குச்சி நகரக்கூடாது, டிரம்தான் நகரணும். மேலயும் கீழயும் தேய்க்கவே கூடாது. காயறதுக்கு நேரம் கொடுத்துட்டு அப்புறம்தான் டேப் போடணும், ஈரமா இருந்தா டேப் டிரம்ல ஒட்டிச் சுத்திக்கும். குளிர்ல இருந்து எடுத்துட்டு வந்த மெஷினையும் உடனே ஆன் பண்ணக்கூடாதுன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

டீமேக்னடைசர (ஹெட்ல தங்கின காந்தத்த எடுக்கற கருவி) ஆடியோ ஹெட்டுக்கு பயன்படுத்தும்போது ரெக்கார்டர் ஆஃப்ல இருக்கணும், டீமேக்னடைசர தூரத்துல, ஒரு மீட்டர் தள்ளி வெச்சே ஆன் பண்ணி, மெதுவா கிட்ட கொண்டு வந்து, மெதுவா விலக்கி, மறுபடி ஒரு மீட்டர் போனப்புறம்தான் ஆஃப் பண்ணணும். ஹெட் பக்கத்துலயே ஆஃப் பண்ணினா இல்லாத காந்தத்த நீங்களே ஏத்தி விட்டுடுவீங்க. வீடியோ ஹெட் பக்கம் அத கொண்டே போகாதீங்க, அந்த அதிர்வுல ஃபெரைட் விரிசல் விட்டுடும்.

சவுண்டு மந்தமா இருக்குன்னா உடனே ஹெட்டோட சாய்வ மாத்தற அசிமுத் ஸ்க்ரூவத் திருப்புறது இன்னொரு வியாதி. விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்துல 10 கிலோஹெர்ட்ஸ் சவுண்டோட அலைநீளம் டேப்புல 19 மைக்ரான்தான், கேசட்ல 5 மைக்ரான் கூட வராது. ஹெட் துளி சாஞ்சாலே ஹை ஃப்ரீக்வன்சி காணாமப் போயிடும், அதே மாதிரி ஹெட்ல துளி அழுக்கு இருந்தாலும் போயிடும், அதனால முதல்ல சுத்தம் பண்ணிட்டு மறுபடி கேளுங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும். அப்பவும் ஸ்க்ரூவத் தொட்டே ஆகணும்னா பழைய நிலைய பெயின்ட் பொட்டு வெச்சோ ஃபோட்டோ எடுத்தோ குறிச்சுக்கங்க. அலைன்மென்ட் டேப் (ஹெட்ட சரியா நிறுத்தறதுக்குன்னே ரெக்கார்ட் பண்ணின டேப்) இல்லாம ரெக்கார்டிங் பக்கத்து ஹெட்டத் தொடவே வேண்டாம். வீடியோவுல டேப்புக்கு வழி காட்டற கைட் போஸ்டெல்லாம் இன்னும் மோசம், ஆஸிலோஸ்கோப்ல ஆர்எஃப் என்வலப்ப (வீடியோ ஹெட்ல இருந்து வர்ற சிக்னலோட உருவம்) பாக்காம அதத் திருப்பறவங்க கண்ணக் கட்டிக்கிட்டு திருப்பறாங்க. பயாஸ் திருத்தறதும் அப்படித்தான், பழைய மெஷின் அந்தக் காலத்து டேப்புக்கு செட் பண்ணது, இப்ப கிடைக்கற டேப்ல ரெக்கார்ட் பண்ணப்போறீங்கன்னா மட்டும் அதுல இறங்குங்க, பழசக் கேக்க மட்டும்னா பயாஸுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல.

டேப்புக்கு வருவோம். சரி பண்ணின மெஷின்ல முதல் தடவையா போடறது தாத்தா குரல் இருக்கற ஒரே டேப்பா இருக்கக்கூடாது. போனாலும் கவலை இல்லாத ஒரு டேப்ப பத்து தடவை ஓட்டி, முன்னாடி பின்னாடி வைண்ட் பண்ணி, பிரேக் சரியா பிடிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க. எழுபதுகள்ல இருந்து தொண்ணூறுகள் வரைக்கும் வந்த ஆம்பெக்ஸ் 406, 456 மாதிரி பின்பக்கம் கருப்புப் பூச்சு உள்ள டேப்ல பைண்டர் (காந்தத் தூள டேப்போட ஒட்டி வெச்சிருக்கற பசை) ஈரத்த உறிஞ்சி பிசுபிசுன்னு ஆகியிருக்கும், கத்திக்கிட்டே ஓடும், ஹெட்ல கருப்பா ஒட்டும். அப்படின்னா உடனே நிறுத்திடுங்க. அத சுமார் 54 டிகிரி செல்சியஸ்ல 8 மணி நேரம் கிட்ட சூடு காட்டி, அதே அளவு நேரம் ஆற விட்டு ஓட்டுவாங்க, கொஞ்ச வாரத்துக்குத் தாங்கும். ஆனா வெளிச்சத்துல ரீல பக்கவாட்டுல பிடிச்சா ஊடுருவித் தெரியற அசிடேட் டேப்ப சூடு காட்டவே கூடாது, அது வேற ஜாதி, சுருங்கிக் கெட்டுடும்.

எதுல ரெக்கார்ட் ஆனதுன்னும் கொஞ்சம் விசாரிங்க. சினிமா ஷூட்டிங்ல நாக்ராவுல எடுத்த நியோபைலட் டேப்ல நடுவுல 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சிங்க் சிக்னல் (சவுண்ட கேமராவோட சேத்து ஓட வைக்கறது) எதிர் எதிர் ஃபேஸ்ல ரெண்டு கோடா ஓடும், டேப் அகலம் முழுக்க படிக்கற ஃபுல் டிராக் ஹெட்ல ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும், அதையே ஸ்டீரியோ ஹெட்ல போட்டா ஹம் கேக்கும், நீங்க கிரவுண்டிங் கோளாறுன்னு ஒரு வாரம் தேடுவீங்க. வீடியோவுல 1967 சோனி DV-2400 மாதிரி முதல் போர்ட்டாபேக்கோட (தோள்ல மாட்டிக்கற வீடியோ ரெக்கார்டர்) அரை அங்குல டேப்பும், 1969-க்கு அப்புறம் வந்த ஈஐஏஜே (ஜப்பான் எலக்ட்ரானிக்ஸ் சங்கம்) ஸ்டாண்டர்டு டேப்பும் பாக்க ஒரே மாதிரி ரீல்தான், ஆனா ஒண்ணோட டேப் இன்னொண்ணுல வராது. படம் வரலன்னு ஹெட்ட குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இத பாத்துக்கங்க.

அழிஞ்சு போற விஷயம் ஒண்ணு பாக்கி. யு-மேட்டிக் கேசட்ல அடியில இருக்கற சிவப்பு பட்டன எடுத்துட்டா ரெக்கார்ட் ஆகாது, சரி பண்ணின மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. ரீல் டேப்ல அப்படி ஒரு காப்பே கிடையாது. ப்ளேவுல இருக்கறப்பவே அழுக்குப் பிடிச்ச ஸ்விட்ச் ரெக்கார்டு பக்கம் ஒட்டிக்கிட்டா இரேஸ் ஹெட் அது வேலைய ஆரம்பிச்சுடும், நீங்க கவனிக்கறதுக்குள்ள பாதி போயிருக்கும். அதனால பழைய டேப்ப காப்பி எடுக்கற மெஷின்ல இரேஸ் ஹெட் ஒயர கழட்டி, முனைய இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமா ஒதுக்கி வெச்சுடுவாங்க, நீங்களும் அப்படியே செய்யலாம். அந்த ஸ்விட்ச சுத்தம் பண்றதுக்கும் கண்ட ஸ்ப்ரேய அடிக்காதீங்க, பிளாஸ்டிக்க பாதிக்காத கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை முன்ன பின்ன தள்ளி விட்டா போதும்.

வேலை முடிஞ்சு எடுத்து வைக்கும்போது செல்லக் கழட்டிடுங்க, ப்ளே லீவர ஸ்டாப்ல விடுங்க, இல்லன்னா பிஞ்ச் ரோலர் கேப்ஸ்டன் மேல அழுந்தி ஒரு பள்ளம் விழுந்து அடுத்த தடவை ஒவ்வொரு சுத்துக்கும் டொக் டொக்னு கேக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெறும் டேப்ப போட்டு ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்க, அது போதும்.