ஃபிலிம் வளைகிறதா? நெகட்டிவைக் காட்டுங்கள்

"இந்த மீடியம் ஃபார்மட் கேமராவில் (அகலமான ரோல் ஃபிலிம் போடும் கேமரா) ஃபிலிம் தட்டையாகவே நிற்காது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: நெகட்டிவ், அதாவது கழுவிய ஃபிலிம், எங்கே? ஓரம் மங்கிய ஒரு ஸ்கேன் போதாது. ஸ்கேனரின் ஹோல்டரிலேயே ஃபிலிம் வளைந்திருக்கலாம்.

நீங்களே சோதிக்கலாம். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஸ்கேல்களைக் கேமராவை நோக்கிச் சாய்த்து வையுங்கள். ட்ரைபாட், கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கம்பி) கட்டாயம். நடு ஸ்கேலின் ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்தபின் எதையும் தொடாதீர்கள். அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்தே இருக்கட்டும். ஒரு புள்ளி ஃபிலிமில் 0.05 மி.மீ. வட்டமாக மங்கும்வரை கூர்மை என்று ஏற்றுக்கொண்டால், எஃப் 2.8-இல் (அகலத் துளை) ஃபிலிம் முன்னும் பின்னும் 0.14 மி.மீ. விலகத்தான் இடமுண்டு, எஃப் 11-இல் (சிறிய துளை) அதுவே 0.55. துளையைச் சுருக்கினால் குறை ஒளிந்துகொள்ளும்.

ஃபிலிமை அடுத்த ஃப்ரேமுக்குச் சுற்றியதும் ஒரு படம் எடுங்கள். மறுபடி சுற்றி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் ஒன்று. உடனே சுற்றி இன்னொன்று. இரவெல்லாம் உருளையில் மடங்கிக் கிடந்த பகுதி பெரும்பாலும் இந்தக் கடைசிப் படத்தில்தான் வரும்.

நெகட்டிவை லூப்பில் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். ஒவ்வொரு ஸ்கேலிலும் எந்தக் கோடு மிகக் கூர்மை? எல்லா ஃப்ரேமிலும் ஒரே மாதிரி விலகினால் லென்ஸையோ கேமராவின் சீரமைப்பையோ சந்தேகியுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறினால்தான் ஃபிலிம் மேல் சந்தேகம். அப்போதும் இன்னொரு ரோலில் அதே இடத்தில் வருகிறதா பாருங்கள். எது எந்த ஃப்ரேம் என்று தெரியாத ஒருவரிடம் லூப்பைக் கொடுத்தால் இன்னும் நல்லது. நம் கண் நாம் நினைத்ததைத்தான் பார்க்கும்.